தூசி வரும் தூரம்

ஒத்திலியாவின் வீட்டு வாசலில் நின்றால் பத்தகோனியா மேட்டுநிலம் முள்புதரும் காற்றுமாக வானம் வரை கிடக்கும். கடைசிக் கணக்கெடுப்பில் அந்தப் பக்கம் பதினோரு பேர். இருவர் செத்து ஒருத்தி நகரத்துக்குப் போனபின் எட்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் நடந்தவள்; ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவள் மனிதர்களைப் பார்த்ததைவிடத் தூசியைப் பார்த்ததுதான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை அவள் கணவன் ஃபெர்மினைக் குடல்வால் வெடித்து நகரத்து மருத்துவமனைக்கு ஏற்றிப் போனார்கள். நூற்று எண்பது கிலோமீட்டர். ஆடுகள் குட்டி போடும் நேரம். அவளால் கூடப் போக முடியவில்லை. தூரத்து வீடுகளுக்கு வரும் சேதிகளை மத்தியானத்தில் வானொலியில் பெயர் சொல்லி வாசிப்பார்கள். அறுவை முடிந்தது என்று வியாழக்கிழமை வாசித்தார்கள். அன்று மாலையே அவளுடைய வானொலியில் பேட்டரி தீர்ந்துபோனது.

சனிக்கிழமை காலை கிழக்கே தூசி எழுந்தது. வண்டி. வந்து சேர ஒரு மணி நேரமாகும். வழியில் நான்கு வேலிக் கதவுகள். திறந்த கதவை மூடாமல் யாரும் வரமாட்டார்கள். தனி ஆள் என்றால் இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டும், தூசி வெகுநேரம் அடங்கிக் கிடக்கும்.

முதல் கதவில் அது அடங்கிய வேகத்தில் கிளம்பியது. இரண்டு பேர்.

சாவுச் சேதி சொல்லத்தான் அங்கே இரண்டு பேராக வருவார்கள்.

இரண்டாவது கதவிலும் அப்படியே. கையிலிருந்த குட்டியைச் சாக்கால் துடைத்துக்கொண்டே இருந்தாள்; அது எப்போதோ காய்ந்துவிட்டது. மூன்றாவதில் தூசி வெகுநேரம் எழவே இல்லை. யார் வாய் திறப்பது என்று பேசிக்கொள்கிறார்களோ? நான்காவதிலும் அதே தாமதம்.

வண்டியை ஓட்டி வந்தவன் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அண்டைவீட்டுக்காரன் சந்தாலியோ. பக்கத்தில் ஃபெர்மின்.

"என்ன மதினி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற? ஒரு வாரம் படுன்னு டாக்டர் சொன்னாராம். இவரு பெரிய இவரு, லாரி ஏறி எங்க வீடு வரைக்கும் ஓடி வந்துட்டாரு."

"குட்டி போடுற நேரத்துல அங்க சூப்பு குடிச்சுட்டுக் கெடக்கவா?" ஃபெர்மினின் குரலில் தெம்பில்லை.

"வேலிக் கதவ யாரு தெறந்தா?" என்றாள் ஒத்திலியா.

"மொத ரெண்டும் நான்தான். கம்பி ரொம்ப இறுக்கம், அப்புறம் முடியல..." என்றான் ஃபெர்மின்.

அவன் கோட்டை விலக்கினாள். இடுப்பு வரை சட்டை சிவப்பாக நனைந்திருந்தது.

"லேசாக் கசியுது, அவ்வளவுதான்."

ஒருநாளும் குரல் உயர்த்தாதவள் கத்தினாள். "வண்டியத் திருப்பு, சந்தாலியோ!"

"ஆடு?" என்றான் ஃபெர்மின்.

"சாகறது சாகட்டும்."

குட்டியைத் தாயிடம் விட்டுவிட்டு, துவைத்த துணியோடு ஏறி, இரண்டு கையாலும் அவன் வயிற்றை அழுத்திக்கொண்டாள். மருத்துவமனை வாசலில் தாதி வந்து விலக்கும்வரை அந்தக் கைகளை எடுக்கவில்லை. ஃபெர்மின் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அவன் வாய் ஓயும்போதெல்லாம் அவள் உலுக்கினாள்: "ம், திட்டு. நிறுத்தாத."