ஸிந்துஜாவுக்கு ஆகாத வெயில்

சின்ன காஞ்சிபுரத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார் பராங்குசம் வீடு எது என்றால் யாரும் காட்டுவார்கள். புற ஊதாக் கதிரைப் பற்றிக் கல்லூரியில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

மகள் ஸிந்துஜாவுக்கு இரண்டு வயதிலேயே முகமெல்லாம் கறுப்புப் புள்ளி. தோல் வியாதிக்குச் சூரியனே வைத்தியன் என்பது அவர் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ரதசப்தமியன்று தலையில் எருக்கிலை வைத்துக் குளிப்பாட்டி, அன்று முதல் ஒரு மண்டலம் குழந்தையை மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து நிற்கவைத்தார். தோல் சிவந்து கொப்பளிக்கிறதே என்று மனைவி குமுதவல்லி தடுத்துப் பார்த்தாள். காலை வெயில் என்ன செய்யும் என்று அவள் வாயை அடைத்துவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்; இந்த வீட்டில் நமஸ்காரம் முந்திக்கொண்டது.

வெயிலே ஆகாத வியாதி என்று சென்னை டாக்டர் சொன்னபோது அவளுக்கு வயது நான்கு. அதற்கப்புறம் பகலில் வாசல் தாண்டவில்லை.

2001-ல் ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. டி.என்.ஏ.வின் அடிப்படைத் துண்டுகள் புற ஊதாக் கதிரை வாங்கிய கையோடு வெப்பமாக மாற்றி உதறிவிடுகின்றனவாம். ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட ஆகாதாம். உதறத் தவறுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் செய்யும் பழுதை எல்லார் உடம்பும் தானே சரிசெய்துகொள்ளும். ஸிந்துஜா உடம்புக்குப் பிறவியிலேயே அப்படிச் சரிசெய்துகொள்ள வராது. அப்படியானால் அந்த நாற்பத்தெட்டு நாள் வெயில்? பராங்குசம் அன்று சாப்பிடாமல் அழுதார்.

ஏன் வெளியே விடமாட்டேன் என்கிறாய் என்று மகள் கேட்டபோதெல்லாம் இதை விளக்கிச் சொன்னார். மண்டலத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்?

பத்து வயதில் மூக்கில் மூன்றாம் முறையாகக் கட்டி. ஒரு கண்ணும் மங்கிவிட்டது. கட்டி நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை, கட்டுப்பாடெல்லாம் எதற்கு, ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பராங்குசம் வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த வருஷம் கருட சேவைக்குப் போலாம்மா. பகல்லயே."

"வெயில்லயா?" ஸிந்துஜா நிமிர்ந்தாள். "அப்போ என் உடம்பு தானே சரிபண்ணிக்கக் கத்துண்டுடுத்தாப்பா?"

"ஆமாம்மா."

அவள் அதைச் சொல்ல அம்மாவிடம் போனாள். ஆஸ்பத்திரியில் அவரோடு உட்கார்ந்து அத்தனையும் கேட்டுவிட்டு வந்திருந்த குமுதவல்லி, மகள் சொன்னதையும் முழுக்கக் கேட்டாள். ரொம்ப சந்தோஷம்டி கண்ணே என்றாள்.