பள்ளிக்கூடக் கிணற்றுப் படம்

ஞாயிறு, காலை பத்து மணி பத்து நிமிடம். வெள்ளவத்தையில் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரின் பிளாட் மூன்றாம் மாடியில். லிப்டை விட்டு இறங்கியதும் நான் முதலில் கண்டது, லிப்டின் கதவருகே கழற்றி வைத்திருந்த ஒரு சோடிச் செருப்பு. மற்றவர்களின் செருப்புகள் வீட்டு வாசலில் கிடந்தன.

ஊர் வரலாற்று மலருக்கான கடைசிக் கூட்டம் அது. பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் பக்க அமைப்பு என் பொறுப்பு.

செருப்புக்கு உரியவர் இரத்மலானையில் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெண். எங்கள் ஊரின் தெற்குக் குறிச்சி. பள்ளிக்கூடக் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தவரின் மகள். ஒரு பழைய படம் கொண்டுவந்திருந்தார். பாதி வெட்டிய கிணற்றருகே, பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர் நிற்கிறார். அவருக்கு இடப்பக்கம், கயிற்றுடன் இவருடைய தகப்பன்.

"அப்பான்ர படம் இது ஒண்டுதான் இருக்கு ஐயா. கீழ பேரைப் போட்டாக் காணும்."

"ஓம் பிள்ளை, போடுவம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார் தலைவர்.

எங்களுக்குப் பீங்கான் கோப்பையில் வந்தது. அவருக்குக் கடதாசிக் கோப்பையில்.

லிப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டதும் செயலாளர் சொன்னார்: "கிணறு வெட்டினவைக்குப் பேர் போட்டா, நாளைக்குத் தலைமயிர் வெட்டினவையும் வந்து நிப்பினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தம்பி, படத்தில அந்தக் கயித்துப் பக்கத்தை வெட்டிவிடும்," என்றார் தலைவர். "காணி குடுத்தவற்ற பிள்ளையள் லண்டனில இருந்து பாப்பினம்."

அன்று மாலையே கணினியில் வெட்டினேன். காணிக்காரரின் தோள் குறையாமல் இருக்க வேண்டும் என்று பார்த்ததில், கயிற்றைப் பிடித்த கை மட்டும் ஓரத்தில் மிஞ்சிவிட்டது.

வெளியீட்டு விழாவுக்கு அந்தப் பெண் தன் மகளோடு வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டினார். படம் வந்ததும் நிறுத்தினார். கீழே காணிக்காரரின் பெயர் மட்டும் இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு ஓரத்தில் விரலை வைத்தார்.

"இஞ்ச பார், இது உன்ர அம்மப்பான்ர கை."

பின்னால் நின்ற தலைவருக்கு அது கேட்டது. நேரே என்னிடம் வந்தார்.

"என்ன தம்பி, அரைகுறையா வெட்டி வச்சிருக்கிறீர்?"

இரண்டாம் பதிப்பில் அந்தக் கை இல்லை.