லாலி யார் பின்னால் போகும்

ஊர்மிளாவுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. டீயை ஆற்றிக் கையில் எடுத்தால், அது பச்சைத் தண்ணீராகப் போகிற வரைக்கும் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பிறவிக் குணமா என்றால் அதெல்லாம் இல்லை. புருஷன் நரேந்திரா மகள் ரஷ்மியைக் கூட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கு விமானம் ஏறினானே, அன்றைக்குப் பிடித்த வியாதி இது. "நீயும் சீக்கிரம் வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் போனான் மனுஷன். "குதிரைங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடுறேன்" என்றாள் இவள். ஒன்றரை வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். கட்டின பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது.

குதிரைகள் வந்த கதையை, கடல் நடுவே இருக்கிற இந்தக் கரும்புத் தீவில், சவேனி ஊருக்குள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாயிரத்தில், மே மாசத்தில், இந்திய வம்சத்து ஆள் நாட்டை ஆளக்கூடாது என்று ஒரு கூட்டம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆட்சியைப் பிடித்தது. இந்தியர் கடைகள் உடைந்தன, எரிந்தன. போதாக்குறைக்குக் கரும்புக்காட்டுக் குத்தகையும் முடிந்துபோக, சனங்கள் மூட்டை கட்டினார்கள். சிட்னியோ கனடாவோ, கதவு திறந்த இடத்துக்கு. பாத்திரம் பண்டத்தை விற்கலாம். நாயைக்கூட யாராவது வைத்துக்கொள்வார்கள். ஏர் இழுத்த குதிரையை என்ன செய்ய? ஊர்மிளாவின் அப்பா அந்தப் பக்கத்தில் குதிரை பழக்கினவர், அதனால் எல்லாருக்கும் இவள் ஞாபகம்தான் வரும். "ரெண்டு மாசம் பார்த்துக்க அக்கா, ஆள் அனுப்புறேன்" என்று கயிற்றை இவள் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். ஒருத்தனாவது ஆள் அனுப்பினானா? மூச். தீவின் அந்தக் கோடியில் இருக்கிற பினாங்கு மில் பக்கத்திலிருந்து கரும்பு லாரியில் ஏற்றி அனுப்பின குதிரைகூட அந்தக் கொட்டகையில் நின்றது. வைத்துக்கொள்ள ஆளில்லை என்றால் நாய்த்தீனிக்கு வாங்குகிறவன் மட்டும் தயாராக இருந்தான். அவன் லாரிச் சத்தம் கேட்டாலே ஊர்மிளா கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

எல்லாவற்றிலும் மூத்தது லாலி. செம்மண் நிறப் பெட்டைக்குதிரை. முன்னெல்லாம் ஊர்மிளா நடந்தால் கயிறே இல்லாமல் பின்னால் வரும். இப்போது இவள் பட்டிக்குள் நுழைந்தால் அந்த மூலைக்குப் போய், பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"அதுல என்ன ஆச்சரியம்? நீங்க போறவங்களா, இருக்கிறவங்களான்னு அதுக்குத் தெரியலை" என்று ஒருநாள் சிரித்தாள் டாக்டர் ரோகிணி. மதுரைக்காரி, ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தமிழில் பேச ஆள் கிடைத்ததே என்று ஊர்மிளாவைத் தேடி வருவாள். ஊர்மிளாவின் தமிழோ கரும்பு வெட்டக் கூலியாக வந்த அவள் பாட்டன் கப்பலில் கொண்டுவந்தது. பாதிக்கு மேல் ஹிந்தி கலந்திருக்கும்.

"உங்களுக்கு என்னா தெரியும் டாக்டரம்மா, சும்மா இருங்க" என்று ஊர்மிளா சிடுசிடுத்தாள். அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று குத்தியது.

ஆனால் வழியைக் கொண்டுவந்தவளும் அதே டாக்டர்தான். கலவரத்துக்கு அப்புறம் அவளிடம் வருகிற போலீஸ் அதிகாரிகளுக்கெல்லாம் ஒரே நோய். ரத்தக்கொதிப்பு, தூக்கமில்லை, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது. சில தேசங்களில் போலீஸ் மேலதிகாரிகளைக் குதிரைகளோடு பழக விடுகிறார்களாம், மனசும் அடங்குமாம், ஆட்களை நடத்தவும் வருமாம். இங்கே செய்து பார்த்தால் என்ன? பெரிய அதிகாரி எபெலிக்குப் பிடித்துவிட்டால் குதிரைகளைப் போலீஸ் மைதானத்துக்கே எடுத்துக்கொள்வார்கள் என்றாள். ஊர்மிளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். குதிரைகள் பிழைக்க வேண்டும், அவள் விமானம் ஏற வேண்டும்.

சனிக்கிழமைகளில் இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். வட்டப் பட்டிக்குள் ஒரு ஆள், ஒரு குதிரை. கயிறு கிடையாது, சாட்டை கிடையாது. அதட்டினால் குதிரை ஓடும், கெஞ்சினால் திரும்பியும் பார்க்காது. மூச்சை நிதானமாக விட்டு, எங்கே போகிறோம் என்று தெளிவாக நடந்தால் மட்டும் பின்னால் வரும். முதல் தடவை எல்லாரும் அசடு வழிந்தார்கள். அடுத்த வாரமே விரேந்திரா என்கிற இன்ஸ்பெக்டருக்குப் பிடிபட்டுவிட்டது. லாலி அவர் முதுகுக்குப் பின்னால் தலையை ஆட்டிக்கொண்டு மூன்று சுற்று வந்தது. அந்த மனுஷர் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக வந்தது. ஊர்மிளா வீட்டுக்குள் போய்ப் பெட்டியை வெளியே இழுத்துத் தூசி தட்டினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை எபெலியே பார்க்க வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். தீவின் பூர்வகுடிக்காரர், ஆனால் கரும்புக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர், ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. பெரியவர் இருக்கும்போது சின்னவர்கள் முந்த முடியுமா? அவரேதான் முதலில் பட்டிக்குள் இறங்கினார். அதிகாரமாக நாலு எட்டு நடந்தார். லாலி அந்த மூலையில் நின்றது. விரலைச் சொடுக்கினார், திரும்பிக்கொண்டது. கடைசிவரைக்கும் அவருக்கு வாலைத்தான் காட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துவிட்டு வெளியே வந்தார், ஆனால் காது சிவந்திருந்தது.

"சரி, நீங்க காட்டுங்க" என்றார்.

விரேந்திரா இறங்கினார். லாலி வரவில்லை. அடுத்தவர் இறங்கினார், அவருக்கும் வரவில்லை. போன வாரம் பூனைக்குட்டி மாதிரி கூடவே திரிந்த குதிரைக்கு என்ன வந்தது? ஊர்மிளாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசி ஆள் நடக்கும்போதுதான் கண்ணில் பட்டது. லாலி அவர் பின்னால் வர எட்டு வைக்கிறது, அவரோ முதுகுக்குப் பின்னால் கையை வைத்துப் போ போ என்று விரட்டுகிறார். அப்போ இத்தனை பேரும் வேண்டுமென்றேதான் தோற்றிருக்கிறார்கள். பெரியவருக்கு வராதது தங்களுக்கு வந்துவிட்டால் மரியாதையில்லையாம்!

எபெலி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நல்ல முயற்சி, டாக்டர். ஆனா இது நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராது."

அவ்வளவுதான், ஊர்மிளாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஒன்றரை வருஷத்துப் புழுக்கம் மொத்தமும் வாய்க்கு வந்தது. "ஒத்துவந்ததுங்க ஐயா, போன வாரமே வந்தது! உங்களைப் பார்த்துப் பயந்து இவங்க என் குதிரையை விரட்டுறாங்க. இவங்க மரியாதைக்கு என் குதிரைங்க நாய்க்குத் தீனியாப் போகணுமா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிஜமா?" என்றார் எபெலி.

விரேந்திரா மென்று விழுங்கினார். "ஆமா சார். நீங்க செய்யாததை நாங்க எப்படி சார் செய்யறது?"

எபெலி ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்குக் கடைத்தெரு எரிஞ்சப்பவும் இப்படித்தானா?"

"நீங்க ஸ்டேஷனை விட்டு வெளிய வரலை, சார். அதனால நாங்களும் வரலை."

"எனக்கு மேலே இருந்து உத்தரவு வரும்னு நான் உட்கார்ந்திருந்தேன்" என்றார் எபெலி. அந்தத் தெருவில் ஊர்மிளாவின் மைத்துனன் துணிக்கடையும் இருந்தது. சாம்பலைக்கூட அள்ளாமல் அவன் கனடாவுக்குப் போய்விட்டான். அவளுக்கு அந்த மனுஷர் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

எபெலி தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டினார். "விரேந்திரா, உள்ளே வா. எனக்குச் சொல்லிக் கொடு."

விரேந்திரா நடந்தார், பின்னால் லாலி, லாலிக்குப் பின்னால் எபெலி. அப்புறம் விரேந்திரா ஒதுங்கிக்கொண்டார். எபெலி தோளைத் தொங்கவிட்டு, ஊதி ஊதி மூச்சு விட்டுக்கொண்டு நடந்தார். லாலி யோசித்தது. அப்புறம் ரெண்டு எட்டு, அப்புறம் நாலு. அன்றைக்கே முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் போலீஸ் லாரி வரும், எல்லாக் குதிரைகளையும் எடுத்துக்கொள்வார்கள்.

லாரியும் வந்தது. ஊர்மிளா விடியும் முன்பே குளித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள். லாலி ஏறாமல் முரண்டு பண்ணும், கடைசியில் நம்மைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை. விரேந்திரா முன்னால் நடந்தார், லாலி பின்னாலேயே பலகையில் ஏறிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. லாரி போனது. கொட்டகையில் சாணி வாடை மட்டும் மிச்சம். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது, நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? இனி நரேந்திராவிடம் என்ன சாக்கு சொல்வது? சாக்கு என்ற வார்த்தை மனசில் வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போ இத்தனை நாளும் சொன்னது சாக்குத்தானா?

வெயில் ஏறும் நேரத்தில் ரோட்டோரமாகக் கன்னையா வந்தார். ரெண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவர். கையில் கயிறு, கயிற்றில் ஒரு கிழட்டுச் சாம்பல் குதிரை.

"சிட்னி விசா வந்துடுச்சும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீயும் கிளம்புறேன்னு கேள்விப்பட்டேன். வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. ரெண்டே மாசம்."

வீட்டுக்குள் டெலிபோன் மணி அடித்தது. இந்நேரத்துக்கு நரேந்திராதான்.

"ரெண்டு மாசம்னு பொய் சொல்லாதீங்க அண்ணே. போயிட்டு வர்றேன்னுகூட சொல்ல வேணாம்" என்று கயிற்றை வாங்கினாள். "நான் எங்கியும் போகலை. அவருக்கு வேணும்னா அவரு வரட்டும்."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்வதற்காக டெலிபோன் இருந்த பக்கம் நடந்தாள். கயிறு கையை விட்டு எப்போது நழுவியது என்று தெரியாது. படியேறப் போகும்போது திரும்பிப் பார்த்தால், அவள் முதுகுக்குப் பின்னால் சாம்பல் குதிரை நின்றிருந்தது, கயிறு தரையில் புரள.