கொஞ்சம்னா எவ்வளவு?

"அந்த எழுத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்களேன், அண்ணி."

இப்படி யாராவது சொல்லிவிட்டால் போதும், அண்ணியின் கை அப்படியே நின்றுவிடும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "கொஞ்சம்னா எவ்வளவு? எண்ணைச் சொல்லுங்க." கேட்டவர் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார். அண்ணியோ மவுஸை எழுத்தின் ஓரத்தில் நிறுத்தி, திரையின் மூலையில் இருக்கும் இன்ஃபோ பேனலைப் படிப்பார். மவுஸ் நிற்கும் இடத்தையும் அங்குள்ள நிறத்தையும் எண்களாகச் சொல்லும் சின்னக் கட்டம் அது. இடத்தை அடைக்கிறதென்று மற்றவர்கள் அதை மூடிவைப்பார்கள். அண்ணிக்கு அது இல்லாவிட்டால் வேலையே ஓடாது.

விளம்பரப் படங்களில் எழுத்தையும் உருவங்களையும் அசைய வைப்பது அவர் தொழில். அவர் இருக்கும் ஸ்டூடியோவில்தான் அவருடைய கொழுந்தனும் வேலை பார்க்கிறார். தொந்தியும் காதோர நரையுமாக இருக்கும் அந்த மனிதர் வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடப் போய், வரவேற்பில் இருக்கும் பெண் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். முதலாளி அவரைவிட வயதில் மூத்தவர் என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் சுவரில் ஒரு படத்தை மாட்டிவிட்டு, "நேரா இருக்கா பாரு" என்று கேட்டால், "கண்ணை நம்பாதீங்க" என்று அண்ணி அளவு டேப்பைத் தேடிக்கொண்டு போவார். "செவத்துல இன்ஃபோ பேனல் வைக்க மறந்துட்டேன்டி, மன்னிச்சுக்கோ" என்பார் கணவர்.

போன வாரம் ஒரு மின்விசிறிக் கடை விளம்பரம் வந்தது. விசிறியைத் திரையில் பொருத்தியது அண்ணி. அதைச் சுழலவிட்டது கொழுந்தன். பார்க்க வந்த கடைக்காரர் பதறிப்போனார்.

"ஐயையோ, ஃபேன் ஆடுதே! இதைப் பார்த்தா எவன் வாங்குவான்? தலையில விழுந்துடும்னு ஓடிடுவான்!"

"சுத்த விட்டது இவருதான்" என்று பட்டென்று கொழுந்தனைக் கை காட்டினார் அண்ணி.

முதலாளிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நாளையிலேர்ந்து நீங்க கம்ப்யூட்டர் பக்கமே வரவேணாம். ஷூட்டிங்ல லைட் தூக்குங்க" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். கடைக்காரரும் முணுமுணுத்தபடி வெளியேறினார். கொழுந்தனுக்கோ தீராத முதுகுவலி. குனிந்து செருப்பை மாட்டுவதற்கே முனகுகிறவர். இருந்தும் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசையை ஒழிக்க ஆரம்பித்தார்.

அவர் செய்த தப்பையாவது திருத்தி வைப்போம் என்று அண்ணி அந்த விளம்பரக் கோப்பைத் திறந்தார். விசிறியின் நட்டநடுவில் மவுஸை வைத்துப் பேனலைப் படித்தார். பிறகு ஆங்கர் பாயின்ட்டின் மேல் வைத்தார். உருவம் எதைப் பிடித்துக்கொண்டு சுழல வேண்டுமோ, அந்தப் புள்ளி அது. இரண்டு இடத்திலும் ஒரே எண் வரவேண்டும். வரவில்லை. இத்தனூண்டு விலகல்தான், ஆனால் விசிறி ஆட அது போதும். கொழுந்தன் கைக்குப் போவதற்கு முன்பு தான் சேமித்த பிரதியைத் திறந்தார். அதிலும் அதே விலகல்.

அண்ணிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. புள்ளியை நகர்த்தும் கருவியை மாற்ற மறந்து, அதைக் கொண்டே விசிறியைத் தொட்டிருக்கிறார். கை லேசாக வழுக்கியிருக்கிறது. படம் அசையாமல் புள்ளி மட்டும் நகர்ந்துவிட்டது. நிற்கும்போது விசிறி லட்சணமாகத்தான் இருந்தது. "அடி கிறுக்கி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஊரையெல்லாம் எண் கேட்டு மடக்குகிறவர், கொழுந்தன் விஷயத்தில் மட்டும் ஒரு எண்ணையும் பார்க்கவில்லையே!

சத்தம் காட்டாமல் திருத்தியிருக்கலாம். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது.

"முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீங்க அண்ணி? ஷூட்டிங் போனா எனக்கும் கொஞ்சம் வெயில் படட்டுமே" என்றார் கொழுந்தன், சிரிக்க முயன்றபடி.

அண்ணி எழுந்து போய், முதலாளி காதிலும் விழட்டும் என்று அவர் அறைக்கதவை அகலத் திறந்து வைத்தார். கடைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, கொழுந்தனின் மேசையில் வைத்தார்.

"சார், உங்க ஃபேன் ஆடினது என்னாலதான். என் கொழுந்தன் மேல ஒரு தப்பும் இல்ல."

மறுமுனையில் கடைக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே, அட்டைப்பெட்டியிலிருந்து கொழுந்தனின் சாமான்களை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்கினார்.