படலையடியில் சொன்ன பிழைகள்

அடுத்தவர் பெற்ற பிள்ளையைப் பார்த்து "மூக்குக் கொஞ்சம் கோணல்" என்று சொல்லும்படி ஊராரைக் கெஞ்சுவதுதான் என் தொழில்.

போனுக்கு ஒரு செயலி செய்து, அதைச் செயலிக் கடையில் போட முயன்றவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். புதிய ஆள் என்றால் கடைக்காரன் லேசில் உள்ளே விடமாட்டான். குறைந்தது இத்தனை பேர் இரண்டு கிழமை பாவித்துப் பார்த்து, குறைநிறை சொல்லியிருக்க வேண்டும் என்பான். வீட்டு மூலையில் தனியாக இருந்து செயலி செய்கிற ஆள் அத்தனை பேருக்கு எங்கே போவது? அதற்காகத்தான் நானும் அருளும் ஒரு இணையத்தளம் தொடங்கினோம். என் செயலியை நீ சோதி, உன் செயலியை நான் சோதிக்கிறேன், அவ்வளவுதான் ஏற்பாடு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, சைக்கிள் திருத்தும் கடை ஒன்றுக்கு மேலே எங்கள் அறை. அருள் தளத்துக்கு வேண்டிய நிரல்களை எழுதுவான். நான் ஆட்களைச் சமாளிப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கீழ்க்கடையின் ஒட்டுப்பசை மணம் எனக்கு மூக்கில் வருகிறது.

வாழ்த்துகள்

தளம் தொடங்கிய புதிதில் வந்த சோதனை அறிக்கைகளை எல்லாம் ஒரே ஆள் எழுதினாரோ என்று சந்தேகப்பட்டேன். "நல்லாயிருக்கு. வாழ்த்துகள்." இதற்கு மேல் ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. வாழைக்குலை விலை சொல்லும் செயலிக்கும் அதுதான், ரியூஷன் நேரம் சொல்லும் செயலிக்கும் அதுதான். ஒரு பெடியன் அவசரத்தில் திறக்கவே திறக்காத செயலி ஒன்றை ஏற்றிவிட்டான். அதற்கும் வாழ்த்துகள் வந்து குவிந்தன.

அந்தச் செயலிக்கு "மிகவும் சிறப்பு" என்று எழுதியவர் வட்டுக்கோட்டை சிவநேசன் மாஸ்ரர். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்கு மனக்கணக்குச் செயலி செய்துகொண்டிருந்தவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன் எடுத்து, திறக்காத செயலியில் எதை மாஸ்ரர் சிறப்பாகக் கண்டீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பிள்ளை, அந்தப் பெடியன்ரை தேப்பன் என்னோடை படிப்பிச்சவர். திறக்கேல்லை எண்டு எழுதிப்போட்டு, திருவிழாவிலை அந்தாளின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

பேர் மறைத்தது

தளத்தைத் திருத்தினால் ஆட்கள் திருந்துவார்கள் என்று நாங்கள் நம்பிய காலம் அது. நட்சத்திரம் வைத்துப் பார்த்தோம்; எல்லோரும் ஐந்து போட்டார்கள். பிழை எழுதுவதற்கென்று தனியாக ஒரு பெட்டி வைத்தோம். அதற்குள்ளும் "பிழை ஒன்றும் இல்லை, வாழ்த்துகள்" என்று எழுதினார்கள். கடைசியில் அருள் ஒரு கெட்டித்தனம் செய்தான். சோதிப்பவர்களின் பெயரை மறைத்து, ஆளுக்கொரு பழத்தின் பெயரை வைத்தான். இனி மாம்பழம் சொல்லும், தோடம்பழம் சொல்லும், யாருக்கும் யார்மேலும் மனவருத்தம் வராது என்று நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த நாளே விளாம்பழத்திடமிருந்து ஒரு அறிக்கை வந்தது. அதன் அடியில், "இங்ஙனம், க. சிவநேசன், ஓய்வுநிலை ஆசிரியர்" என்று ஒப்பம். ஏன் மாஸ்ரர், நாங்கள் கஷ்டப்பட்டு மறைத்ததை இப்படிப் போட்டுடைக்கிறீர்கள் என்று கேட்டேன். மனுஷன் உண்மையிலேயே புண்பட்டுப்போனார்.

"பேரில்லாமல் எழுதினா அது மொட்டைக் கடிதம் பிள்ளை. எங்கடை குடும்பத்திலை மொட்டைக் கடிதம் எழுதின ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

தர்மினி கேட்டது

தர்மினி அச்சுவேலிப் பிள்ளை. மூத்த பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் தாயும் இவளும் மட்டும். தாய்க்குப் பிறஷரும் சீனி வருத்தமும். கொழும்பில் இவளுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. போவதா விடுவதா என்று தவித்து, கடைசியில் ஒரு செயலி செய்தாள். மருந்துக் குளிசை போடும் நேரத்துக்கு மணி அடிக்கும். தாய் குளிசையைப் போட்டுவிட்டுத் திரையைத் தொட்டால் மகளின் போனுக்குச் செய்தி போகும். இது ஒழுங்காக வேலை செய்தால் கொழும்புக்குப் போவது, இல்லாவிட்டால் வேலையை வேண்டாம் என்பது. அதுதான் அவளுடைய முடிவு.

சோதனைக்குப் போட்டாள். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு, வாழ்த்துகள். மற்றவர்கள் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். இவள் படி ஏறி அறைக்கே வந்துவிட்டாள். கதிரையில்கூட இருக்கவில்லை.

"அக்கா, எனக்கு வாழ்த்து வேண்டாம். பிழையிருந்தா இப்பவே சொல்லச் சொல்லுங்கோ. இதை நம்பித்தான் நான் அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போகப்போறன்."

மாஸ்ரர் வீட்டுப் படலை

தர்மினியின் செயலியைச் சோதித்தவர்களில் மாஸ்ரரும் ஒருவர். அவருக்கும் பிறஷர் குளிசை உண்டு. நேரில் கேட்டால் வாய் திறப்பார் என்று, அருளை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது, பயற்றம்பணியாரம் வந்தது. வெங்காய விலை கதைத்தோம், மழை கதைத்தோம். தர்மினியின் செயலி எப்படி என்று மூன்று விதமாகச் சுற்றிவளைத்துக் கேட்டேன். "அருமையான பிள்ளை, அருமையான வேலை" என்பதற்கு மேல் ஒன்றும் கழன்று வரவில்லை. சரி என்று எழும்பினோம். செருப்பைப் போட்டாயிற்று, ஸ்கூட்டியையும் ஸ்ரார்ட் பண்ணியாயிற்று. வழியனுப்ப வந்த மாஸ்ரர் வாசற் படலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னொரு விசயம் பிள்ளை" என்றார்.

"அந்தப் பிள்ளையின்ரை மணி, போனைக் கனநேரம் தொடாமல் வைச்சிருந்தா அடிக்குதில்லை. நானும் இந்தக் கிழமை முழுக்கக் குளிசையைப் பிந்தித்தான் போட்டனான். சும்மா சொன்னனான், பிள்ளை மனசிலை வைச்சிருக்க வேண்டாம்."

ஆனைக்கோட்டை தாண்டி

திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு ஸ்கூட்டியை ஓட்டினேன். நாங்கள் போகாமல் விட்டிருந்தால், அந்தப் பிள்ளை அடிக்காத மணியை நம்பிக் கொழும்புக்குப் பஸ் ஏறியிருக்கும்.

யோசித்துப் பாருங்கள், எங்கள் ஊரில் வீட்டுக்குள் யார் உண்மைக் கதை கதைத்திருக்கிறார்கள்? கலியாணம் பேச வந்தவர்கள் சீதனத்தைப் பற்றிச் சொல்வதும், வருத்தம் பார்க்க வந்தவர்கள் டொக்டர் சொன்னதைச் சொல்வதும் போகிற நேரத்தில், படலையடியில்தான். அருள் வேதக்காரன். அவர்கள் வீட்டுக்கு வரும் போதகரும் ஜெபம் முடிந்து, குடையை விரித்த பிறகுதான் வந்த விசயத்தைச் சொல்வாராம். உள்ளே சொன்னால் அது குறை. வெளிக்கிடும்போது சொன்னால் அக்கறை. ஆனைக்கோட்டை தாண்டியதும் அருள் என் தோளில் தட்டினான்.

"அக்கா, எங்கடை சைற்றிலை எல்லாம் கிடக்கு. படலைதான் இல்லை."

போட்டு வாறன்

அடுத்த நாளே படலை வைத்தோம். தளத்தைவிட்டு வெளியேறும் பொத்தானில், வீட்டிலிருந்து விடைபெறும்போது சொல்வதுபோல "போட்டு வாறன்" என்று எழுதினோம். அதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறந்து, "இன்னொரு விசயம்..." என்று மட்டும் சொல்லும். அதில் எழுதுவது செயலி செய்தவருக்கு மட்டும் போகும். எழுதியவரின் பெயரோடுதான் போகும். அன்றைக்கே கொட்டத் தொடங்கிவிட்டது. எழுத்துச் சின்னன், நிறம் கண்ணைக் குத்துது, திறக்கவே இல்லை, என்று இத்தனை நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். தர்மினிக்கும் வந்தது. பலருக்கு அவளுடைய மணி அடிக்கவில்லை. தெரிந்துகொண்டே வாழ்த்தியிருக்கிறார்கள் என்று அவள் எங்கள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் அவளுடைய மணியை உறங்கப் போட்டிருந்தன. அவளும் அருளும் ஒரு கிழமை மல்லுக்கட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம் அறிந்தவர் தெரிந்தவரிடமெல்லாம் போன் வாங்கி, மேசையில் பரப்பி, தொடாமல் காத்திருந்தோம். குறித்த நேரம் வந்தது. மேசை முழுக்க ஒன்றாக அதிர்ந்து மணி அடித்தது. தர்மினி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கீழே இருந்து சைக்கிள் கடை ராசன் அண்ணை, கையில் காற்றடிக்கும் பம்போடு படி ஏறி ஓடி வந்தார்.

"என்ன பிள்ளையள், பூசையோ நடக்குது? எனக்குத் திருநீறு இல்லையோ?"

அச்சுவேலியில் ஒரு பின்னேரம்

இப்போது அந்த அறை இல்லை. அங்கே போன் உறை விற்கிறார்கள். அருள் கனடாவில் இருந்துகொண்டு தளத்தைப் பார்க்கிறான். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் முன்வாசலிலேயே நின்று முகத்துக்கு நேரே பிழை சொல்கிறார்கள். தளம் நன்றாகத்தான் நடக்கிறது. எனக்குத்தான் சில நேரம் விளாம்பழத்தின் "இங்ஙனம்" இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது.

போன மாதம் அச்சுவேலிச் சந்தைக்குப் போன கையோடு தர்மினியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மகள் கொழும்பில் சுகம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அம்மா குளிசையைப் போட்டு, திரையைத் தொட்டு, "நல்லாயிருக்கு பிள்ளை, ஒரு குறையும் இல்லை" என்றார். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது. போட்டு வாறன் அம்மா என்று எழும்பி, செருப்பைப் போட்டு, வெளியே வந்தேன். அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, மணி நல்லாத்தான் அடிக்குது. ஆனா முந்தி அவள் குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிண்டு 'அம்மா, குளிசை போட்டனீங்களோ' எண்டு கத்துவாள். இது அப்பிடிக் கத்துதில்லை. உதை அவளிட்டைச் சொல்லிப்போடாதை, வேலையை விட்டிட்டு வந்து நிப்பாள்."

ஆகவே, தர்மினி கொழும்பிலிருந்து போன் எடுத்து அம்மாவுக்குச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும்போதெல்லாம், ஊர்வாயைத் திருத்தப் புறப்பட்ட நானும் இப்போது ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: "நல்லாயிருக்கு."