எண்பத்தேழாம் கல்

போத்தனூர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்த சின்னானுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அவர் கல்லுக்கே கொடுத்தார். ஆறு நாள் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இடிக்கிற மனிதர், ஏழாம் நாள் மலையடிவாரத்துக்குப் போய்ச் சும்மா கல் புரட்டுவதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் லைன் வீடுகளில் இல்லை. "எங்கூட்டுக்காரருக்குக் கிறுக்குங்க" என்று அவர் மனைவி மாசாணியம்மாளே பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

அவரை இதில் இழுத்துவிட்டவர் ஆல்வின். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர், லீவு நாளில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மலையேறுபவர். மதுக்கரைக்கு அப்பால் கல்லாங்கரட்டில், ஒரு காலத்தில் பொதிமாடுகள் உப்பும் வெல்லமும் சுமந்துபோன பாதை உண்ணிச்செடிக்குள் புதைந்து கிடப்பதைத் தொண்ணூற்றிரண்டில் அவர்தான் கண்டுபிடித்தார். அடிவாரத்தில் மட்டும் கொத்திப் போட்ட பலகைக் கற்கள், படிபடியாக. செடி வெட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதற்கு முப்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பன்னிரண்டு பேர். மூன்றாம் மாதம் ஆல்வினும் சின்னானும்தான்.

சின்னானின் அப்பனும் பாட்டனும் அடுத்தவர் காட்டில் வரப்பு வெட்டியே செத்தவர்கள். அவர் பார்க்கும் தண்டவாளமோ சர்க்காருடையது. யாரும் ஏவாமல், யாரும் தலைக்குமேல் நிற்காமல் அவர் கை வைத்த ஒரே வேலை இந்தப் பாதை. இது ஒன்று கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மழைக்குக் கற்கள் உருண்டன. திரும்ப வைக்கப் போனால் எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ரயில்வேயில் பாலத்துக்கு நம்பர், கம்பத்துக்கு நம்பர், ஆளுக்கும் நம்பர். அந்தப் பழக்கத்தில் சின்னான் வெள்ளைப் பெயிண்டைக் கொண்டுபோய், ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை ஒவ்வொரு கல்லின் முகத்திலும் எழுதிவிட்டார். எண்பத்தேழாம் கல்தான் தொல்லை கொடுத்தது. அடிப்பக்கம் கூம்பிய கல், எப்படி வைத்தாலும் ஆடும். இடது பக்கம் மூன்று விரல் கனத்துக்குச் சில்லு செருகி, ஜல்லி இடித்து, மேலே ஏறி நின்று, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சின்னான் தன் பிரஷால் கெட்டார்.

தொண்ணூற்றைந்தில், தண்டவாளம் மாற்றுகிற வேலைக்கென்று அவரை இரண்டு மாதம் வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பரீட்சை வேலையில் ஆல்வினும் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்குப் போனால், ஒரு கல்கூட இல்லை. கல் இருந்த இடங்கள் மட்டும் வரிசையாக, பல் பிடுங்கிய ஈறு மாதிரி கிடந்தன. சின்னான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அழுதார்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அடிவாரம் பட்டா நிலம். மில் முதலாளி திருமலைசாமி அதை வாங்கி, கற்களைப் பெயர்த்துத் தன் தோட்டத்து பங்களாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஆல்வின் கிராம அலுவலரைப் போய்ப் பார்த்தார். "பாதைன்னு எந்த ரிக்கார்டுலயும் இல்லீங்க சார். அவங்க எடத்துல இருக்கற கல்லு அவங்களுதுங்க" என்றார் அவர். ஆல்வின் மேலிடத்துக்கு மனு எழுதினார். பதிலே இல்லை.

நேரில் கேட்டுவிடுவது என்று சின்னானே கிளம்பினார். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். கேட்டிலிருந்து மேட்டு பங்களா வரைக்கும் படிக்கட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் கையெழுத்திலேயே எண்கள். எண்பத்தேழில் கால் வைத்ததும் கல் ஆடியது.

"வாங்க, உக்காருங்க" என்று திருமலைசாமி நாற்காலி போடச் சொன்னார். சின்னானின் அப்பன் வந்திருந்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்திருக்கும். இவருக்கு டவரா டம்ளரில் காப்பி வந்தது. முதலாளி திட்டியிருந்தாலாவது திருப்பிக் கேட்டிருக்கலாம்.

"நம்பர் போட்டது நீங்கதானுங்களா? அத வெச்சுத்தான் எங்க மேஸ்திரி வரிசை மாறாம அடுக்கிப்போட்டான். இல்லீன்னா ஒவ்வொரு கல்லையும் உருட்டி உருட்டிப் பாத்திருக்கோணும். பெரிய உபகாரமுங்க."

பஸ்ஸில் சேர்த்துவைத்த வார்த்தைகளில் பாதி அங்கேயே போயிற்று. "அங்க பாதை போச்சுங்களே" என்றார் சின்னான்.

"அங்க யாருங்க நடக்கறாங்க?"

இரண்டு பேர் என்று சொல்ல வாய் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இறங்கும்போது எண்பத்தேழு மறுபடியும் ஆடியது. தாண்டிப் போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினார். முடியவில்லை. திரும்பி வந்து மண்டி போட்டு, ஓரத்தில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கி இடது பக்கத்தில் செருகினார், ஒரு கல்லால் தட்டித் தட்டி இறுக்கினார், மேலே ஏறி நின்று பார்த்தார். அசையவில்லை.

"ரொம்ப நல்லதுங்க" என்றார் மேலே நின்றிருந்த திருமலைசாமி. "ஞாயித்துக்கெழமைல சும்மாதானுங்களே இருப்பீங்க. அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

சின்னான் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.