கூலன்ட் சொறி என்று நினைத்தது

முனிலட்சுமியை முதலில் பார்த்தது நான் வேலை பார்க்கும் மத்திகிரி இ-சேவை மையத்தில். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட புருஷனைச் சுவரோர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களை மேசைமேல் பரப்பினாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற மிதப்பில் எந்தப் படிவத்தையும் மூச்சுவிடாமல் நிரப்பித் தள்ளும் என் கை, ஒரு கட்டத்தில் வந்து நின்றது. பார்வை போனதற்குக் காரணம் என்ன, பிறவியிலேயேவா, விபத்தா என்று கேட்டபோது அவள் காகிதங்களைப் பார்க்கவில்லை.

"நான் குடுத்த மாத்திர தம்பி," என்றாள். "ரெண்டு வேளையும் என் கையாலதான் குடுத்தன்."

படிவத்தில் 'மருந்து ஒவ்வாமை' என்று ஏறியது. அவள் சொன்னதற்கு அங்கே இடமில்லை. மீதியை அன்று கொஞ்சமும் பிறகு வந்த நாட்களில் கொஞ்சமுமாகச் சொன்னாள்.

ஜவளகிரிப் பக்கம் பிறந்தவள். பேரிகை ஊர் முனிராஜுக்கு வாக்கப்பட்டு, மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு வந்தாள். முனிராஜுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சிஎன்சி மிஷின் வேலை. இரும்பு கடையும்போது சூடு தணிக்கப் பால் மாதிரிப் பீய்ச்சி அடிக்கும் கூலன்ட் தண்ணீரில் நாள் முழுக்கக் கை நனையும். மழை மாதங்களில் கை, கழுத்து, மார்பெல்லாம் சிவந்து தடிக்கும். அந்த ஷெட்டில் அது வராத ஆளே கிடையாது. கூலன்ட் சொறி என்று அதற்குப் பேர். தேங்காய் எண்ணெய் தடவினால் நாலைந்து நாளில் அடங்கும். அதற்குப்போய் லீவு கேட்பவனைக் கேலி பேசியே ஓட்டிவிடுவார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில் முனிராஜுக்குத் தூக்கம் போனது. நாலு நாள் கண்ணை மூடவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலுமாக மாறி மாறிப் பேசினான். கம்பெனிக்கே தான்தான் முதலாளி என்றான். ஐந்தாம் நாள் காலை பெங்களூர் ரோட்டின் நடுவில் கைகளை விரித்து நின்று லாரிகளை நிறுத்தப் பார்த்தான். ஒரு லாரி அவன் சட்டையை உரசிக்கொண்டு போனதை முனிலட்சுமி ரோட்டோரத்தில் நின்று பார்த்தாள். மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்துவிடக்கூடாது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

பெங்களூரில் மனநல டாக்டர் கார்பமாஸெபின் எழுதினார். முனிலட்சுமிக்கு அந்தப் பேர் தெரியும். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி எட்டு வருஷமாக வலிப்புக்கு விழுங்கும் மாத்திரை அது. எங்கள் வீட்டுக்காரருக்கு வலிப்பு இல்லையே என்றாள். வலிப்பையும் அடக்கும், தலைகால் தெரியாமல் ஏறிப்போகும் மனசையும் ஒரு நிலைக்குக் கொண்டுவரும் என்று டாக்டர் விளக்கினார். கூடவே இரண்டு எச்சரிக்கை. கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஆனால் முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்பு வந்தாலோ, வாய் புண்ணானாலோ, காய்ச்சலோடு கண் சிவந்தாலோ, அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே வரவேண்டும். பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும், வந்தால் தோலையே உரித்துவிடும். கன்னடத்தில்தான் சொன்னார். முனிலட்சுமிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சொல் விடாமல் புரிந்தது.

மருந்து கேட்டது. பத்து நாளில் முனிராஜ் பழைய முனிராஜ் ஆனான். பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனான். மூன்றாவது வாரம் மார்பில் சிவப்பு தட்டியது.

மழை பிடித்திருந்தது. சொறி வழக்கமாக வரும் காலம், வழக்கமாக வரும் இடம். டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வேலையிடத்தில் காட்டிக் கேட்டுவரச் சொன்னாள். ஃபோர்மன் வெள்ளைச்சாமி திருநெல்வேலிக்காரர்; இருபது வருஷம் கூலன்ட்டில் ஊறியவர். முனிராஜ் சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"ஏலே, நேத்து வேலைக்கு வந்தவன் மாதிரி பயப்படுத. இது நம்ம கூலன்ட் சொறிதாம்லே. எண்ணெயத் தேச்சுட்டு மிஷின ஓட்டு."

ஷெட்டே சிரித்தது. முனிராஜும் சிரித்தான். பைத்தியம் என்று ஒதுக்காமல் பழையபடி கேலி பேசுகிறார்களே என்று அவனுக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. வீட்டுக்கு வந்து அவன் சொன்னதும் முனிலட்சுமிக்கும் மனசு ஆறியது. இரண்டு எச்சரிக்கையில் ஒன்றின் விளைவை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள், லாரி சக்கரத்துக்குப் பக்கத்தில். மற்றது வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது. உதடு வெடித்து, வாயெல்லாம் புண். கண்கள் சிவந்து, பீளை கட்டி ஒட்டிக்கொண்டன.

"இன்னிக்கி வேணாம் லட்சுமி. முழுங்க முடியல."

"ஒரு வேள உட்டாலும் மறுபடியும் ரோட்டுல போயி நிப்ப மாமா. இன்னொருக்கா என்னால அதப் பாக்க முடியாது."

மாத்திரையைப் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கரைத்து, ஆற்றி, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கண்ணில் நீர் வடிய வடிய அவன் விழுங்கினான். அன்று இரண்டு வேளை. மறுநாளும் இரண்டு வேளை.

ஆறாம் நாள் காலை, நனைந்த பனியனைக் கழற்றினாள். பனியனோடு முதுகுத் தோலும் வந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, புதிதாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான். முனிலட்சுமி எடுத்து நீட்டினாள். "அத மட்டும் ஒரு வேளகூட நிறுத்தல மேடம்," என்றாள், பாராட்டை எதிர்பார்த்தவள்போல. டாக்டர் மாத்திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இனி இதில் ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார். அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள். உயிர் தங்கியது. தோல் வளர்ந்தது. கருவிழி இரண்டும் தழும்பேறி வெளுத்துவிட்டன. முதல் நாளே நிறுத்தியிருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று கேட்டாள். இவ்வளவு தூரம் போயிருக்காது, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

முனிராஜ் அவளைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்கிறாள். அவன் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கடைந்த இரும்பை வேர்னியர் அளவுகோலில் வைத்து அளவு பார்க்கிற மட்டுக்காவது ஒரு கண் திரும்புமா? திரும்பாது என்றார்கள்.

மனசுக்கு இப்போது வேறு மருந்து. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். வேளாவேளைக்கு மாதேஸ்வரிதான் வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பழைய மாத்திரையை மாதேஸ்வரி இன்றும் விழுங்குகிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலிப்பும் வரவில்லை. முனிலட்சுமி எந்த மாத்திரையையும் கையால் தொடுவதில்லை, தன் தலைவலிக்குக்கூட. புருஷன் வேலை பார்த்த கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள். முனிராஜ் மத்திகிரி வீட்டில் இருக்கிறான். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது.